தலைமை என்னும் சுமை



நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், தலைமையைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விழைகின்றோம். தலைவரின் தோளில் விழும் மாலையை எல்லோரும் காண்கின்றோம். அதே தோளில் ஏறும் சுமையைக் காண்போர் மிகச் சிலரே.

1932 ஆம் ஆண்டு செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் சுமந்த சுமையை எண்ணிப் பாருங்கள். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் வாதாடியதன் பயனாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி உரிமை அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்து, எரவாடா சிறையில் காந்தியடிகள் செப்டம்பர் 20 ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். ஒரு பக்கம் போராடிப் பெற்ற உரிமை. மறுபக்கம் ஓர் உயிர். அவ்வுயிர் பிரிந்திருப்பின் அதன் பழி நாடெங்கும் சேரிகளில் வாழ்ந்த ஏழை மக்கள்மீதே விழுந்திருக்கும். செப்டம்பர் 24 ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித்தொகுதி போயிற்று; மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. கூட்டுத்தொகுதியே வேண்டுமென்று அண்ணல் அவர்களோடு மாறுபட்டு நின்ற எம். சி. இராஜா அவர்களும் அதே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். பின்னாளில் அண்ணல் அவர்களே அவ்வொப்பந்தத்தின் குறைகளைக் கடுமையாக எடுத்தெழுதினார். எந்த வழியும் முழு நன்மை தாராத வேளையிலும் ஒன்றைத் தேர்ந்து, அதன் பழியையும் தாமே ஏற்பதுதான் தலைமையின் முதற் சுமை.

இனி, வெற்றி தோல்வியை எதனைக் கொண்டு அளப்பது? அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக விளங்கிய அம்மேதை, 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்றார். 1954 இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அதனால் அவரைத் தோற்ற தலைவர் என்று எவரேனும் கூறுவரோ? அவர் 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1956 டிசம்பர் 6 ஆம் நாள் அவர் மறைந்தார், கல்லூரியோ நின்றது. ஆனால், அவர் எண்ணியிருந்தவாறு 1957 இல் அமைந்த குடியரசுக் கட்சி, நம் சிவராஜ் அவர்களை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கியும், சில ஆண்டுகளிலேயே பிளவுபட்டது. கல்லூரிக்கு விதிகள் இருந்தன, கணக்கு இருந்தது, நாள்தோறும் செய்ய வேண்டிய பணி இருந்தது. கட்சியிலோ 'அடுத்த தலைவர் யார்?' என்னும் வினா பணியை முந்திக்கொண்டது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர் 1959 இல் மறைந்தார். அப்பள்ளியில் இன்றும் பிள்ளைகள் பயில்கின்றனர். தாம் இல்லாத நாளிலும் நடக்கும்படி பணியை அமைத்துச் செல்பவரே வெற்றி பெற்ற தலைவர்.

தலைவர்கள் வீழ்வதில் தொண்டர்களுக்கும் பங்கு உண்டு. இதனை நம் கழகத்தின் வாழ்விலிருந்தே கூறுகின்றோம். தொடக்க ஆண்டுகளில் நம் விடுதியின் அரிசிக் கணக்கைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. அன்றைய செயலாளர் பணத்தைக் கையாடினார் என்று தேநீர்க் கடையில் பேசினோம். அவரிடம் நேரில் கேட்டோமில்லை. ஆண்டிறுதியில் கணக்கைத் தணிக்கை செய்தபோது, கழகம் அவருக்குக் கடன்பட்டிருந்தது தெரிய வந்தது. நன்கொடை வராத மாதங்களில் தம் கைப்பொருளைக் கொண்டு கடைக்காரருக்குக் கொடுத்திருந்தார். கடனைத் திருப்பித் தந்தோம். ஆயின் அவர் மீண்டும் கழகத்தின் படியேறவில்லை. இன்று அவர் உயிரோடும் இல்லை. அவரிடமும் ஒரு குறை இருந்தது: மாதந்தோறும் கணக்கை அவை முன் வைத்திருப்பின் அவ்வையம் எழுந்தே இராது. தாமே எல்லாவற்றையும் சுமப்பது பெருந்தன்மைதான். எனினும் பிறர் அறியாமல் சுமக்கும் சுமை ஐயத்திற்கு இடமளிக்கின்றது. அன்று முதலே மாதக் கணக்கு நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு வருகின்றது.

இளைஞர்களே! கழகத்தைத் தோற்றுவித்தவர்களுக்கு வயது ஏறிவிட்டது. சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் துணைச் செயலாளர் பொறுப்புக்கு ஒருவரும் முன்வரவில்லை என்பதை இவ்விழா நாளிலும் மறைத்தற்கில்லை. மாலை நேரப் பாட வகுப்பில் படித்துப் பணியில் அமர்ந்தோர் இவ்வவையில் பலர் இருக்கின்றீர்கள். மேடைக்கு வாருங்கள் என்று அழைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுக்க வாருங்கள், மாலை வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாருங்கள் என்றே அழைக்கின்றோம். தவறு கண்டால் அவையில் கேளுங்கள், தெருவில் பேசாதீர்கள். பொறுப்பில் அமர்ந்தால் அடுத்தவரைப் பழக்கிவிட்டு எழுந்திருங்கள்.

இச்சுமையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைதட்டி நின்றால், பொன்விழாக் காண இக்கழகம் இராது. பலர் தோள் கொடுப்பின் அவ்விழாவை நம் பிள்ளைகள் நடத்துவர்.