விபத்துக்கு மறுநாள்



2021 பிப்ரவரி 12 அன்று நம் சாத்தூருக்குப் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். ஒவ்வொரு முறையும் ஆலைகளையெல்லாம் இழுத்து மூடு என்ற குரல் எழும். நிவாரணம் அறிவிப்பார்கள், கண்டன அறிக்கைகள் வரும். பத்து நாளில் எல்லாம் அடங்கிவிடும்.

பிணம் விழுந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கோபப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மேடையில் கொதிக்கிற நாம், மருந்து அடைக்கிற அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதே இல்லை. இந்தக் குறைதான் என்னைப் பேச வைக்கிறது.

அச்சங்குளத்தில் உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. அறைகளோ பலருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தன. விபத்துக்குப் பிறகுதான் இது வெளியே வந்தது. குத்தகைக்காரர் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாவிட்டால் மரத்தடியிலும் வேலை நடக்கும். கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும் என்பது தொழில் தெரிந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். இருந்தும் மிச்ச மருந்து மறுநாளுக்கு நிற்கும். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை நிதானம் இழக்கும். மணிமருந்து வெடிக்க ஓர் உராய்வு போதும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு தொழிலாளியின் கூலியும் உரிமதாரரின் வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் போகட்டும். ரசாயனம் வாங்கிய பில்லும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். இரண்டையும் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் உள்குத்தகை ஒளிய இடமில்லை. மருந்து கலக்குகிறவருக்கும் அடைக்கிறவருக்கும் எண்ணிக்கைக் கூலி வேண்டாம், நாள் கூலி கொடுங்கள். செலவு கூடும் என்பார்கள், கூடட்டும். பெட்டிக்குச் சில ரூபாய் விலை ஏறினால் தீபாவளி நின்றுவிடாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கதையே பதில். விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்து 1980-களில் உலகமே கொதித்தது. அந்தக் கோபம் வீணாகவில்லை. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிவகாசியில் தொடங்கி, சிறப்புப் பள்ளி, மதிய உணவு, மாத உதவித்தொகை என்று பிள்ளையின் வீடு வரை வந்தது. 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குறைகள் இருந்தன, ஏமாற்றும் நடந்தது. ஆனாலும் அந்தப் பஸ்ஸில் ஏறிய அம்மாக்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிப் பஸ்ஸில் போவதை நாம் பார்க்கிறோம்.

தீபாவளி கழிந்து ஆலைகள் பூசை போட்டுத் திறக்குமுன், இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்போம். ஆலை உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாள் மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது.