தொட்டி நீரும் மீனின் உயிரும்



திருவண்ணாமலையில் வாழ்வோருக்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும், வெளியே ஐயங்குளமும், கிரிவலப் பாதை நெடுகிலும் வேறு பல தீர்த்தங்களும் இருக்கின்றன. குளத்து மீனுக்கு எவரும் வாளி கொண்டு நீர் மாற்றுவதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் விட்ட மீனோ, சில வேளைகளில் நீர் மாற்றிய அன்றே இறந்து மிதக்கிறது. தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பிய பிள்ளை, “சுத்தமாகத்தானே வைத்தேன், ஏன் செத்தது?” என்று கண்கலங்கிக் கேட்கும்போது, விடை சொல்லும் கடமை பெரியவர்களாகிய நமக்கு உண்டு. அவ்விடையே இன்றைய பேச்சின் பொருள்.

மீனின் கழிவும் உண்ணாது எஞ்சிய இரையும் நீரில் அம்மோனியாவைத் தோற்றுவிக்கின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இது அத்துணைக் கொடியதன்று. ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி இந்நுண்ணுயிர்களின் தொழிலை ஆராய்ந்து விளக்கினார். இவை மணலிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. ஆகவே தொட்டியை முழுவதும் கவிழ்த்துக் கழுவுகிறவர், அழுக்கோடு சேர்த்து, நஞ்சை முறிக்கும் துணைவர்களையும் வெளியேற்றி விடுகிறார். அவை மீண்டும் பெருகப் பல வாரங்கள் ஆகும்.

இரண்டாவது காரணம் குழாய்நீரில் உள்ளது. நோய்க் கிருமிகளை அழிக்கக் குடிநீரில் குளோரின் கலக்கிறார்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரத்தின் விதி. நமக்குக் காவலாகும் அந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கவும், நுண்ணுயிர்களைக் கொல்லவும் போதுமானது. வாய் அகன்ற வாளியில் நீரை ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் காற்றில் கலந்துவிடும். விரைந்து நீக்க வேண்டின் சோடியம் தயோசல்பேட் உதவும். புகைப்பட நிலையங்களில் ‘ஹைப்போ’ என்று வழங்கிய உப்பு இதுவே. சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் கலப்பதுண்டு. அது வெறுமனே வைத்திருப்பதால் எளிதில் அகலாது. அதற்குரிய மருந்தையே இடுதல் வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளோரின் இராது. ஆனால் பாறை நிலத்து நீர் பலவிடங்களில் கடினமானது. சோப்பு நுரைக்க மறுப்பதே அதற்கு அடையாளம். கப்பி, மாலி போன்ற மீன்கள் கடின நீரில் நன்றாக வாழும். நியான் டெட்ரா போன்றவை மென்னீரை விரும்புவன. ஆதலின் ஊர்நீருக்கேற்ற மீனைத் தேர்தலே அறிவுடைமை. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் வாங்கிய மீனை இங்கே கொணர்ந்தால், பையிலுள்ள நீரோடு நம் நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குதல் நலம். சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வரும் ஆர்.ஓ. நீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனைத் தனியே நிரப்பாது, பிற நீருடன் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

இனி, எவ்வளவு மாற்றுவது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். வாரந்தோறும் தொட்டியில் 10 பங்கு நைட்ரேட் சேர்வதாகக் கொள்க. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால், அது 40 பங்கை எட்டியபின் மேலே ஏறாது. ஏனெனில் 40இல் கால்பங்காகிய 10 வெளியேற, மீண்டும் 10 வந்து சேரும். பத்தில் ஒரு பங்கு மட்டுமே மாற்றினாலோ 100 பங்கு வரை ஏறும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதில் கால்பங்கு 13 லிட்டருக்குச் சற்று மேல். பெரிய வாளி ஒன்றில் அடங்கும்.

குழாயை அடிமணலில் வைத்து உறிஞ்சி அழுக்கோடு நீரை இறக்குக. புதுநீர் தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். வெயிலில் காய்ந்த மாடித்தொட்டி நீரை அப்படியே ஊற்றலாகாது. வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் அலசாமல், இறக்கிய பழைய நீரிலேயே அலசுக. நீர் வெம்மையடைய அடைய, அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. அம்மோனியாவின் கொடுமையோ கூடுகிறது. எனவே நம் ஊர்க் கோடையில் இரையைக் குறைத்தலும், காற்றுக் குமிழியை நிறுத்தாதிருத்தலும் இன்றியமையாதன.

இறக்கிய நீரைச் சாக்கடையில் கொட்டுவது தகாது. அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு உரம். துளசி மாடத்திற்கும் வாழைக்கும் ஊற்றலாம். ஆனால் வளர்க்க இயலாத மீனைப் புண்ணியம் என்று கருதித் தீர்த்தக் குளத்திலோ ஏரியிலோ விடுதல் கூடாது. தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கப்படும், தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சக்கர் மீன், இவ்வாறு தப்பித் தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் பெருகி, நம் நாட்டு மீன்களுக்கு இடரானது. அத்தகைய மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தல் முறை.

குளத்து மீனைக் காக்கக் குளத்தின் அகலம் உண்டு. மழையும் காற்றும் சேறும் செடியும் உண்டு. தொட்டி மீனுக்கு இவையனைத்தும் நாமே. வாரம் ஒரு வாளி நீரைப் பொறுமையோடு மாற்றப் பழகும் பிள்ளை, கண்ணுக்குத் தெரியாத உயிரையும் மதிக்கக் கற்றுக்கொள்கிறது.