கோபுரம் கண்ணுக்கு எட்டுதோ?

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இன்று ஒரேயொரு கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தூரத்தில் இருக்கும் ஒன்றைக் கைநீட்டிக் காட்டி, 'அது தெரியுதோ?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி. அதை ஸ்பானிய மொழியில் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்தால், நம் தமிழைப் பற்றி ஒன்று விளங்கும்.

சிட்னியின் மேற்கே புரொஸ்பெக்ட் குன்று இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் கிழக்கே நகரத்து உயர்மாடிகளும் மேற்கே நீலமலையும் அங்கிருந்து தெரியும். குன்றுக்கு வடக்கே டூங்காபி, வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில் என்று நம்மவர்கள் வாழும் இடங்கள். தெற்கே ஃபேர்பீல்ட். 1973 இல் சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் நாட்டைவிட்டு வந்தவர்களில் பலர் அந்தப் பக்கம் குடியேறினார்கள். அடுத்த பத்து வருடத்தில், 1983 இற்குப் பிறகு, நம்மவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரே குன்றின் இரு பக்கமும், ஊரைத் தொலைத்த இரண்டு கூட்டம்.

அந்தக் குன்றில் நின்று, 309 மீற்றர் உயரமான சிட்னி டவரைக் காட்டி ஸ்பானிய மொழியில் மூன்று விதமாகக் கேட்கலாம். 'பெஸ் லா தோர்ரே?' என்றால், கோபுரத்தைக் காண்கிறாயா? ஆங்கிலம் இந்த இடத்தில் 'முடியுமா' என்பதைச் சேர்த்தே கேட்கும். ஸ்பானியத்துக்கு அது தேவையில்லை. 'சே பே லா தோர்ரே?' என்றால், கோபுரம் தெரியுதோ? பார்ப்பவர் யார் என்ற பேச்சே இல்லை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: 'அல்கான்சாஸ் ஆ பேர் லா தோர்ரே?' அல்கான்சார் என்றால் எட்டுதல். கோபுரம் கண்ணுக்கு எட்டுதோ? 'கண்ணுக்கெட்டிய தூரம்' என்று நாம் சொல்வதும் இதைத்தானே!

ஆனால் தமிழ் இன்னும் ஓரடி போகிறது. 'எனக்குத் தெரிகிறது' என்னும்போது எழுவாய் நானல்ல, கோபுரம். அது தன்னைக் காட்டுகிறது, எனக்குத் தெரிகிறது. அதே 'தெரி'தான் அறிவதற்கும். ஸ்பானியத்தில் காண்பதற்கு பேர், அறிவதற்கு சபேர் என்று இரண்டு சொல்.

1605 இல் வெளிவந்த செர்வாண்டிசின் 'டான் கிஹோத்தே' நாவலில், புகழ்பெற்ற எட்டாம் அத்தியாயத்தை நினைத்துப்பாருங்கள். சமவெளியில் முப்பது நாற்பது காற்றாலைகள். அந்த அரக்கர்களைப் பார் என்கிறார் எசமான். எந்த அரக்கர்கள் என்று கேட்கிறான் சாஞ்சோ. இருவர் கண்ணுக்கும் எட்டியது ஒன்றுதான், தெரிந்தது வேறு. தமிழில் அந்த முழு அத்தியாயமும் 'தெரிகிறதா' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அம்மம்மா தூரத்தைக் காட்டி, 'தெரியுதோ ராசா?' என்கிறார். இங்கே பிறந்த பேரன், ஆங்கிலத்தில் யோசித்து, 'என்னால பார்க்க ஏலாது' என்கிறான். அவன் சொல்ல வந்தது 'தெரியேல்லை' என்பது. அம்மம்மாவின் காதில் விழுவது, பார்க்க மாட்டேன் என்ற மறுப்பு. இலக்கணப் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ அறுந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் எச்.எஸ்.சி. வரை தமிழை ஒரு பாடமாகப் படிக்கலாம், அது நல்லது. இந்த வேறுபாடு மட்டும் வினாத்தாளில் வராது. பக்கத்தில் நின்று கைநீட்டிக் காட்டுகிறவர் வாயிலிருந்துதான் வரும்.

அதனால் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஒரு குன்றுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப் போங்கள். மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு டண்டெனோங் மலை இருக்கிறது. தூரத்தில் ஒன்றைக் காட்டி, 'கண்ணுக்கு எட்டுதோ?' என்று கேளுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.