உவமையும் தொழிற்கூடமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கவிஞர் கூடிய அவையில் நிறுவன மேலாண்மை பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், உவமை வெறும் அணிதானா, அறிவுக்கு வழியுமா என்னும் நம் பழைய வழக்கு, எதிர்பாராத ஓரிடத்தில், ஜப்பானியத் தொழிற்கூடங்களில், மீண்டும் எழுந்தது. அதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

அங்கேரியில் பிறந்த வேதியியலறிஞர் மைக்கேல் பொலானி பின்னாளில் மெய்யியலுக்குத் திரும்பியவர். நாம் சொல்லக்கூடியதைவிட அறிந்திருப்பது மிகுதி என்பதே 1966-இல் வெளிவந்த அவருடைய சிறுநூலின் மையக் கருத்து. நண்பரின் முகத்தைத் திருவிழாக் கூட்டத்திலும் இனங்காண்கிறோம். எவ்வாறு கண்டீர் என்று கேட்டால் விழிக்கிறோம். இதனை ‘உள்ளுறை அறிவு’ என்று தமிழில் வழங்கத் துணிகிறேன். தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்தை அறிந்த அவைக்கு இச்சொல் அயலாக இராது.

இக்கருத்தை நிறுவனங்களுக்குள் கொணர்ந்தவர்களுள் தலையாயவர் இகுஜிரோ நொனாகா. 2025 சனவரியில் மறைந்தார். 1991-இல் ஒரு கட்டுரையும், 1995-இல் ஹிரோதகா தாகேயுச்சியுடன் இணைந்து ஒரு நூலும் எழுதினார். நிறுவனம் என்பது செய்திகளைச் செரிக்கும் பொறி என்று மேலைநாட்டார் கருதியதை அவர் மறுத்தார். அது அறிவைப் படைக்கும் இடம் என்றார். அவர் வகுத்த படிகள் நான்கு. வல்லாரோடு பழகிக் கற்பது, கற்றதைச் சொல்லாக்குவது, சொல்லானவற்றைத் தொகுப்பது, தொகுத்தது மீண்டும் கையில் தோய்வது. இவற்றுள் அவர் மிகவும் போற்றியது இரண்டாம் படி. சொல்லுக்கு எட்டாதது சொல்லாகும் அந்தக் கணத்தில் கைகொடுப்பன உவமையும் உருவகமுமே என்று அவர் எழுதியதைப் படித்தபோது, மேலாண்மை நூலைத்தான் படிக்கிறேனா என்று எனக்கே ஐயம் எழுந்தது.

அவர் தரும் சான்றுகள் சுவையானவை. ஹோண்டா நிறுவனத்தின் இளம் பொறியாளர் குழுவொன்று, காரை ஓர் உயிரினமாகப் பாவித்து, அதன் பரிணாமம் எங்கே செல்லும் என்று கேட்டுக்கொண்டது. நீளம் குறைந்து உயரம் மிகுந்த ‘சிட்டி’ என்னும் கார் 1981-இல் அதிலிருந்து பிறந்தது. கேனன் நிறுவனத்தில் சிறிய நகலெடுப்பியின் உருளையை மலிவாக்க வழியின்றித் திகைத்திருந்தவர்களின் தலைவர், கையிலிருந்த பீர் டப்பாவைக் காட்டி, இதைச் செய்ய என்ன செலவாகும் என்று கேட்டாராம். டப்பாவும் உருளையும் எவ்வாறு ஒக்கும், எவ்வாறு ஒவ்வா என்று ஆராய்ந்ததில், பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய அலுமினிய உருளை கிடைத்தது. இங்கே உவமை அழகு செய்ய வரவில்லை. தேடிக் கண்டுபிடிக்க வந்தது.

மிகவும் பெயர்பெற்ற சான்று ரொட்டிப் பொறி. 1985-இல் ஒசாகாவின் மட்சுஷிதா நிறுவனம், அதாவது இன்றைய பானாசோனிக், வீட்டு ரொட்டிப் பொறி செய்ய முயன்றது. மேற்பகுதி கருகியது, உள்ளே வேகவில்லை. இகுகோ தனாகா என்னும் மென்பொருள் உருவாக்குநர், ஒசாகா இண்டர்நேஷனல் ஓட்டலில் ரொட்டி சுடும் தலைமைச் சமையற்காரரிடம் மாவு பிசையப் பயிற்சி பெற்றார். அவர் மாவைத் தனிவகையாக இழுப்பதைக் கண்டார். அதனை ‘முறுக்கி இழுத்தல்’ என்னும் பொருள்படும் ஒரு தொடராக்கிப் பொறியாளரிடம் தந்தார். பொறியின் உட்புறத்தில் விலாவெலும்பு போன்ற புடைப்புகள் அமைந்தன. 1987-இல் பொறி கடைக்கு வந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நானும் மகிழ்ந்து அமர்ந்திருப்பேன். ஆனால் ரோட்ரிகோ ரிபெய்ரோவும் ஹாரி காலின்ஸும் 2007-இல் இதனை மறு ஆய்வு செய்தனர். சமையற்காரரின் அறிவு பொறிக்குள் குடிபுகவில்லை என்பது அவர்கள் முடிவு. பொறி செய்வது வேறொரு செயல். எஞ்சியவை அளந்து தரும் பொருள்களிடமும், கையேட்டிடமும், வீட்டில் பொறியை இயக்குவோரிடமும் ஒப்படைக்கப்பட்டன. எனக்கு இவர்கள் பக்கமே நியாயம் மிகுதியாகத் தோன்றுகிறது. நம் உவமையிலும் பொருள் முழுவதும் ஏறிவிடுவதில்லையே. கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியது எப்போதும் இருக்கிறது.

வேறொரு கேள்வியும் உண்டு. மேலாண்மை நூலார் அதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். சொல்லாக மாறிய அறிவு எவருடையது? தொழிலாளர் கையில் வழிவழியாக இருக்கும் அறிவைத் திரட்டி விதிகளாக்குவது மேலாளரின் கடமை என்று ஃபிரெடரிக் டெய்லர் 1911-இலேயே எழுதினார். அவர் அதனை ஒளிக்கவில்லை. நொனாகாவின் நடை அன்பானது; பழகுதல், பகிர்தல் என்று பேசுவது. ஆனால் பகிர்ந்தபின் பொறி நிறுவனத்துக்கு, விற்பனை நிறுவனத்துக்கு. ஒரு வரிக்குக் கீழே தம் பெயரை இட்டுக்கொள்ளும் உரிமையுடைய நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள். 1991-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மென்பொருள் உருவாக்குநரின் பெயர் இருக்கிறது. ஓட்டலின் பெயரும் இருக்கிறது. மாவை முறுக்கி இழுத்தவரின் பெயர் இல்லை.