முக்கால் எங்கே இருக்கிறது?



பள்ளிச் சான்றிதழோடு கல்லூரி வாசலேறுகிறாள் ஒரு பெண். அங்கே ஒரு கணக்குத் தேர்வு வைக்கிறார்கள். "கல்லூரிக் கணக்குக்கு நீ இன்னும் தயாராகவில்லை, முதலில் அடிப்படை வகுப்பில் சேர்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டும். ஆனால் அதில் படித்தது எதுவும் பட்டக் கணக்கில் சேராது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான மாணவர்கள் பட்ட பாடு இது.

அங்கே பள்ளிப் பாடத்தரத்தை வகுப்பது மாநிலங்கள். 2002-ல் வந்த மத்தியச் சட்டம் எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும் என்றது. தேர்ச்சிக் கோட்டை எங்கே போடுவது என்பதை மாநிலங்களிடமே விட்டது. சில மாநிலங்கள் கோட்டைத் தாழ்த்தின. தேர்ச்சி கூடியது, படிப்பு கூடவில்லை.

மாற்றுவழி ஒன்று டெக்சாஸில் பிறந்தது. பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து தரத்தை எழுத வேண்டும் என்று 2006-ல் சட்டம் போட்டார்கள். 2010-ல் நாடளவில் மாநில ஆளுநர்கள் சங்கமும் மாநிலக் கல்வித் தலைவர்கள் மன்றமும் சேர்ந்து 'காமன் கோர்' என்ற பொதுத்தரத்தை வெளியிட்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றன.

அதன் அழகு, கடைசி வகுப்பிலிருந்து பின்னோக்கி வந்ததுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு கோடு வரைந்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே முக்காலுக்குப் புள்ளி வைக்க வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நாளை வரைபடத்தாளில் சாய்வு கண்டுபிடிப்பதற்கும், தச்சுப் பட்டறையில் அளவுநாடாவைப் பிடித்து முக்கால் அங்குலத்தில் பென்சில் கீறுவதற்கும் அந்தப் புள்ளிதான் ஆதாரம். கல்லூரிக்கும் வேலைக்கும் வேர் ஒன்றே.

ஆனால் ஏட்டில் எழுதிவிட்டால் போதுமா? 2013-ல் நியூயார்க் மாநிலம் புதிய தரத்தில் தேர்வு வைத்தது. தேறியவர்கள் 31 சதவீதம்தான். பாடக்கருவிகள் கைக்கு வந்து சேரவில்லை, பயிற்சி போதவில்லை என்று ஆசிரியர்கள் குமுறினார்கள். அரசியல் எதிர்ப்பும் கிளம்பியது. 2014-ல் இண்டியானா முதல் மாநிலமாக விலகியது.

இருந்தாலும் கருத்து மடியவில்லை. 2015-ல் வந்த மத்தியச் சட்டம், தரத்தை எந்த மாநிலமும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அதைக் கற்று முடித்த பிள்ளை, அடிப்படை வகுப்புக்குப் போகாமலே அந்த மாநில அரசுக் கல்லூரியின் முதல் பாடத்தில் உட்காரும்படி அது இருக்க வேண்டும்.

சான்றிதழ் என்பது அரசு ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு. கோட்டைத் தாழ்த்தினால் அந்த வாக்கு பொய்யாகிறது. கோட்டை உயர்த்திவிட்டு ஆசிரியரைத் தனியே விட்டாலும் பொய்யாகிறது. முக்காலுக்குப் புள்ளி வைக்கத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதா? தரம் வகுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.