போர்க்களமே வகுப்பறை

போர் நடந்த இடத்துக்கே அழைத்துப் போய்ப் பாடம் நடத்தும் முறையை அமெரிக்க ராணுவத்தில் 1906-இல் தொடங்கிவைத்தவர் மேஜர் ஈபன் ஸ்விஃப்ட். இன்று அப்படிப் பாடம் நடக்கும் இடங்களில் ஒன்று, பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் அருகே உள்ள லிட்டில் ரவுண்ட் டாப் குன்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலை 2 அன்று குன்றின் இடது ஓரத்தைக் காத்தது வடக்குத் தரப்பின் 20ஆவது மெய்ன் படைப்பிரிவு. அதன் தலைவர் ஜோஷுவா சேம்பர்லெயின், முந்தைய ஆண்டுவரை கல்லூரிப் பேராசிரியர். தோட்டா தீரும் நேரத்தில் துப்பாக்கிமுனைக் கத்தியோடு அவர் படை பாய்ந்ததுதான் பேர்பெற்ற கதை.

இளைஞர்களுக்கு அதைவிடப் பயனுள்ளது, அந்தச் சண்டைக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது. பணிக்காலத் தகராறில் போரிட மறுத்த 2ஆவது மெய்ன் வீரர்கள் சுமார் 120 பேர் கைதிகளாக அவரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பணியாவிட்டால் சுடவும் அனுமதி இருந்தது. அவரோ முதலில் சாப்பாடு போட்டார். பிறகு குறையைக் கேட்டார். ஒரே கும்பலாக விடாமல் பல கம்பெனிகளில் பிரித்துச் சேர்த்தார். கருணையோடு கணக்கும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் துப்பாக்கி ஏந்தினார்கள்.

குன்றில் நடந்த அந்தப் பாய்ச்சலுக்கான யோசனை முழுக்க சேம்பர்லெயினுடையதா, அவர் படைப்பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் மெல்ச்சருக்கும் அதில் பங்கு உண்டா என்ற வாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் நடக்கிறது.