தலைமை என்றால் என்ன? ஜாஸ் இசை சொல்லும் பாடம்

(பங்சாரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜாஸ் இசையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். பங்சாரில் ஜாஸ் என்றால் அது பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். ஜாஸும் மாளிகையில் பிறக்கவில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உருவாக்கிய இசை அது.

அந்த ஊரில் வறுமையில் வளர்ந்தவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். சிறுவர் சீர்திருத்த இல்லத்தில்தான் அவருக்கு முறையான இசைப் பயிற்சி கிடைத்தது. 1957ஆம் ஆண்டு லிட்டில் ராக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்குள் விடாமல் தடுத்தார்கள். அப்போது அவர் உலகப் புகழ் பெற்றவர். அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் சோவியத் நாட்டிற்குப் போக இருந்த பயணத்தை, போக மாட்டேன் என்று உதறித் தள்ளினார். ஆகவே இது நம்மைப் போன்றவர்களின் இசை.

சரி, இதில் தலைமை எங்கே வருகிறது?

ஜாஸ் குழுவில் நான்கைந்து பேர் இருப்பார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, அந்த மெட்டை அடிப்படையாக வைத்துத் தம் சொந்தக் கற்பனையை வாசிப்பார்கள். ஒருவர் முன்னால் வரும்போது மற்றவர்கள் அவருக்குத் துணையாக வாசிப்பார்கள். குழு யார் பெயரில் இருக்கிறதோ அவரும் அப்படித்தான். நம் கச்சேரியிலும் இது உண்டு. மிருதங்கத்திற்குத் தனி ஆவர்த்தனம் வந்தால், பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையால் தாளம் போடுவார். அதனால் அவருடைய மதிப்பு குறைந்து போகிறதா? இல்லையே!

நம் சங்கங்களில் என்ன நடக்கிறது? ஆண்டுக்கூட்டம் முழுவதும் ஒருவரே பேசுகிறார். செயலாளர் தலையாட்டுகிறார். பெண்கள் சமையல்கட்டில் இருக்கிறார்கள். இளைஞர்கள் நாற்காலி தூக்குகிறார்கள். தனி ஆவர்த்தனம் யாருக்கும் கிடையாது.

இன்னொரு விஷயம். மைல்ஸ் டேவிஸ் என்ற பெரிய கலைஞரின் குழுவில் 1960களில் பியானோ வாசித்த இளைஞர் ஹெர்பி ஹான்காக். ஒரு மேடையில் அவர் முற்றிலும் தவறான சுரங்களை அழுத்திவிட்டார். மைல்ஸ் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு அந்தத் தவறே சரியாகி விடும்படி தன் எக்காளத்தில் வாசித்தார். இதை ஹான்காக் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். தலைவர் என்பவர் அப்படி இருக்க வேண்டும். ஒரு பையன் மனு எழுதும்போது பிழை விட்டால், பத்துப் பேர் முன்னால் திட்டி அனுப்புகிறோம். அவன் மறுபடி வருவானா?

ஆர்ட் பிளேக்கி என்ற டிரம் கலைஞர், 1990ஆம் ஆண்டு காலமாகும் வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவை நடத்தினார். இளைஞர்களைச் சேர்ப்பார், பழக்குவார், போக விடுவார். வெய்ன் ஷார்ட்டர், வின்டன் மார்சாலிஸ் போன்றவர்கள் அங்கிருந்து வந்து பெரிய கலைஞர்கள் ஆனார்கள். அவர்கள் பிரிந்து போனதை அவர் துரோகம் என்று சொல்லவில்லை.

நம்மவர்களும் இதில் உண்டு. 1970களில் ஜான் மெக்லாக்லின் என்ற ஜாஸ் கிதார் கலைஞர் தொடங்கிய 'சக்தி' குழுவில் கடம் வாசித்தவர் சென்னையைச் சேர்ந்த விக்கு விநாயக்ராம். 2024இல் அந்தக் குழு கிராமி விருது பெற்றபோது அதில் வாசித்தவர் அவருடைய மகன் செல்வகணேஷ்.

இப்போது நம் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கொடுமையை ஒழிப்பது, இவையெல்லாம் அவர்களுடைய கோரிக்கைகள். முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதனை மே மாதம் கைது செய்தார்கள். போராட்டம் அடங்கவில்லை, மேலும் பரவியது. ஏன்? கோரிக்கை என்ன என்பது தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. மெட்டு எல்லோருக்கும் பாடம்! கடைசியில் பட்டாளத்தை இறக்கி, சுட்டு அடக்கினார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கி வென்றது உண்மை. ஆனால் ஒரு மனிதரைப் பிடித்ததால் மட்டும் அந்தப் போராட்டம் ஓயவில்லை.

ஒரு வழக்கறிஞராக உங்களிடம் கேட்கிறேன். நாளைக்கு உங்கள் குடியிருப்புக்கு வெளியேற்ற நோட்டீஸ் வருகிறது. தலைவர் மருத்துவமனையில் இருக்கிறார் அல்லது தடுப்புக் காவலில் இருக்கிறார். கோப்பு எங்கே? அவர் வீட்டு அலமாரியில். சாவி எங்கே? அவருடைய சட்டைப் பையில். நீதிமன்றத்தில் தவணை ஒரு நாள் தவறினால் வீடே போய்விடலாம். அப்போது யாரைக் குறை சொல்வது?

ஆகவே மூன்று வேலைகளை உடனே செய்யுங்கள். முதலாவது, எல்லாக் கடிதங்களையும் மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள். இரண்டாவது, அடுத்த கூட்டத்தைத் துணைத் தலைவரோ மகளிர் பொறுப்பாளரோ நடத்தட்டும். தலைவர் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். மூன்றாவது, இலாகாவுக்குப் போகும்போது ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ கூட அழைத்துப் போங்கள். அடுத்த முறை அவர்களே பேசட்டும்.

ஜாஸ்காரர்கள் மேடையில் மனம் போனபடி வாசிப்பது போலத் தெரியும். அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. நாமும் நெருக்கடி வருவதற்கு முன்பே பழக வேண்டும்.

உங்கள் சங்கத்தில் தலைவர் ஒரு மாதம் இல்லாவிட்டால் வேலை நடக்குமா? இன்று இரவு வீட்டில் பேசிப் பாருங்கள். நடக்காது என்றால் நாளைக்கே தொடங்குங்கள்.